மலைப்பாதையும் ஓடுதளமும்: மலிவான பந்தயக் காரைத் தேர்ந்தெடுத்தது யார்?

திருமலை மலைப்பாதையில் விரைவாகப் போய்ச் சேர்வது குற்றம். சோதனைச் சாவடியில் நேரம் குறிக்கப்படுகிறது. மேலே ஏறக் குறைந்தது 28 நிமிடம், கீழே இறங்கக் குறைந்தது 40 நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னதாக மறுமுனையை அடையும் வாகனம் நடவடிக்கைக்கு உள்ளாகும். பிற சாலைகள் வேகத்துக்கு மேல்வரம்பு விதிக்கின்றன; இச்சாலையோ காலத்துக்குக் கீழ்வரம்பு விதிக்கிறது. 1944-இல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் திறந்துவைத்த முதல் பாதை இன்று இறங்குவதற்கும், 1970-களில் அமைந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. வளைவுகள் நிறைந்த, எதிரே வாகனம் வராத ஒருவழி மலைச்சாலை என்பதால் வேகத்தில் பித்துக் கொண்டவருக்கு அதைவிடப் பெரிய சபலம் வேறில்லை. மலையேறுவோரின் உயிரைக் காக்க வந்த விதி அது. அதில் எனக்கு மறுப்பேதும் இல்லை. வரலாற்று மாணவனாக என் கேள்வி வேறு. இந்தப் பகுதியில் வேகத்தை விரும்பிய, ஆனால் பெருஞ்செல்வம் இல்லாத ஒருவர், கடந்த எழுபது ஆண்டுகளில் எங்கே, எந்தக் காரில் அதைச் சட்டப்படி நாட முடிந்தது?

அண்மையில் கல்லூரி மாணவரிடையே ‘டிராக் டே’ என்ற சொல் அதிகம் புழங்குகிறது. பந்தயத் தடமொன்றில் ஒரு நாளைக்குக் கட்டணம் செலுத்தி, பரிசோ போட்டியோ இன்றித் தத்தம் வாகனத்தைத் தாமே ஓட்டிப் பார்க்கும் ஏற்பாடு அது. அதற்கென மலிவான பழைய கார் ஒன்றை வாங்க வேண்டுமானால் எதை வாங்குவது என்று கேட்போரும் பெருகியுள்ளனர். குதிரைத்திறனையும் எடையையும் ஒப்பிடும் தொழில்நுட்பக் கேள்வியாகவே இது கேட்கப்படுகிறது. என் துணிபு வேறு: தென்னிந்தியாவில் எளியவரின் பந்தயக் காரை ஓட்டுநர் தேர்ந்தெடுத்ததைவிட, இறக்குமதி விதி, காத்திருப்போர் பட்டியல், மாநில எல்லை, பதிவுச் சட்டம் ஆகியவை தேர்ந்தெடுத்ததே மிகுதி. தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வழியாக எழுதாமல் பயன்பாட்டின் வழியாகவும் பராமரிப்பின் வழியாகவும் எழுத வேண்டும் என்று டேவிட் எட்ஜெர்டன் 2006-இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். பழைய கார் அந்த அணுகுமுறைக்குக் கிடைத்த அருமையான சான்று. ஆனால் நம் ஆய்வுகளில் அதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

எல்லையிலிருந்து தொடங்குவோம். சித்தூர் மாவட்டம் 1911-இல் உருவானது. வட ஆர்க்காட்டின் பெரும்பகுதி அதற்குச் சென்றது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபின் ம.பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் தமிழ் வாசகர் அறிந்ததே. படாஸ்கர் பரிந்துரையை ஒட்டி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. கைம்மாறாக, செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த ஊர்கள் சில சித்தூருக்குச் சென்று சத்தியவேடு வட்டமாயின. திருத்தணி வந்ததைப் பேசுமளவுக்குச் சத்தியவேடு போனதை நாம் பேசுவதில்லை. இக்கட்டுரைக்கு வேண்டியது அந்த இரண்டாம் பாதிதான். ஏனெனில் தென்னிந்தியக் கார்ப் பந்தயத்தின் முதல் நிலையான களமான சோழவரம் அதே பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்தது. திருப்பதியிலிருந்து புத்தூர், நாகலாபுரம், ஊத்துக்கோட்டை வழியாகச் செங்குன்றம் வருபவருக்குச் சோழவரம் அடுத்த ஊர் போலத்தான். பெங்களூரிலிருந்து வருவோர்க்கோ முல்பாகல், பலமனேர், சித்தூர், ராணிப்பேட்டை வழியே பழைய நெடுஞ்சாலை. ஆக, இருபுறத்துப் பாதைகளும் இந்த மண்ணைத் தொட்டே சென்றன.

சோழவரத்தில் இருந்தது பந்தயத் தடம் அன்று. இரண்டாம் உலகப்போரின்போது அமைக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட விமான ஓடுதளம். 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதையே களமாக்கிக்கொண்டது. கல்கத்தாவில் பாரக்பூர், பம்பாயில் ஜுஹு என்று பிற நகரங்களிலும் விமானத்தளங்களே பந்தயக் களங்களாயின. இது இந்தியாவின் தனிவழக்கமும் இல்லை. சில்வர்ஸ்டோன், ஸ்நெட்டர்டன், திரக்ஸ்டன் ஆகிய புகழ்பெற்ற ஆங்கிலத் தடங்கள் யாவும் போர்க்கால விமானத்தளங்களே. போர் முடிந்தபின் எஞ்சிய காங்கிரீட் பரப்பு, எளியவருக்குக் கிடைத்த முதல் மலிவுப் பொருள். இங்கிலாந்தில் இரண்டாம் மலிவுப் பொருளும் கிடைத்தது. 1920-களிலும் 30-களிலும் இலட்சக்கணக்கில் விற்ற ஆஸ்டின் செவன் கார்கள் போருக்குப்பின் சல்லிசான விலைக்கு வந்தன. அவற்றை வைத்தே 750 மோட்டார் கிளப் எளியவர் பந்தயம் ஒன்றை வளர்த்தது; காலின் சாப்மன் 1948-இல் தம் முதல் லோட்டஸ் காரைச் செய்ததும் பழைய ஆஸ்டின் செவனிலிருந்துதான். பழைய கார்கள் மலிந்திருந்த நாட்டில் பந்தயமும் கீழிருந்து எழுந்தது.

நம்மிடம் ஓடுதளம் இருந்தது; மலிந்த பழைய கார் இல்லை. 1953-இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, படிப்படியாக உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டமுள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே அரசு இடமளித்தது. அசெம்பிளி மட்டும் செய்துவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. எஞ்சியவை கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்ட். ஃபியட்டுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே இரண்டாங்கை ஃபியட் புதியதைவிட மலிவாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. பொருளியல் பாடநூல்கள் பழைய கார் வாங்கிய நாளிலிருந்தே விலை இறங்குவதாகச் சொல்லும். உரிம ஆட்சிக்கால இந்தியாவில் பல ஆண்டுகள் அவ்விதி செல்லுபடியாகவில்லை. இந்த ஒரு காரணத்தால்தான் சோழவரத்தில் ஆஸ்டின் செவன் கதை நிகழவில்லை என்று கருதுகிறேன். ஓட்டுநரின் திறமையையோ ஆர்வத்தையோ குறைசொல்ல அங்கே இடமில்லை.

சோழவரத்தைப் பற்றிய நினைவுக் குறிப்புகள் பெரும்பாலும் மகாராஜாக்களையும் தொழிலதிபர்களையும் சுற்றியே வருகின்றன. கோண்டல் மகாராஜாவின் கார்களும், விஜய் மல்லையா கொண்டுவந்த என்சைன் ஃபார்முலா 1 காரும் உண்மையில் அங்கே ஓடியவைதாம். ஆனால் அந்த வரலாறு பாதிதான். அதே ஓடுதளத்தில், அதே நாளில், அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்டிச்சென்ற ஃபியட்டும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் ஓடின. ஹெரால்ட் சென்னையிலேயே செய்யப்பட்ட கார் என்பதால் அதன் உதிரிபாகங்கள் உள்ளூரிலேயே கிடைத்தன. கிடைக்காதவற்றுக்குப் புதுப்பேட்டை இருந்தது. புதுப்பேட்டையின் பிரிப்புக் கடைகள் இல்லாமல் சென்னையில் எளியவர் பந்தயம் ஒன்று இருந்திருக்க முடியாது என்பது மிகையன்று. எந்தக் காரின் பாகம் புதுப்பேட்டையில் கிடைக்குமோ அந்தக் காரே பந்தயத்துக்கு உகந்த கார் என்னும் கணக்கு, குதிரைத்திறன் கணக்கைவிட முக்கியமானதாக இருந்தது.

இக்கணக்கை மெய்ப்பிக்கும் விந்தையான சான்று டால்பின். பெங்களூரைச் சேர்ந்த சிபானி நிறுவனம், ஆங்கிலேய ரிலையன்ட் கிட்டன் காரைத் தழுவி, கண்ணாடியிழை உடலோடு 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த சிறு கார் அது. இரண்டே கதவுகள், தகரம் இல்லாத உடல் என்பதால் குடும்பத்தினர் நம்பவில்லை. மாருதி வந்ததும் சந்தையில் அது நிற்க முடியாமல் போனது. ஆனால் எந்த இலேசான உடலைக் கண்டு குடும்பத் தலைவர்கள் அஞ்சினார்களோ, அந்த உடலே பந்தயத்திலும் ராலியிலும் அதற்கு வாழ்வளித்தது. சந்தை ஒதுக்கியதை எடுத்துப் பயன்படுத்தும் இந்தப் போக்கு நம் பந்தய வரலாற்றில் மீண்டும் மீண்டும் வருகிறது.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 இந்நிலையை மாற்றியது. அதன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் அப்படியொன்றும் வல்லமை மிக்கதன்று. 40 குதிரைத்திறனைக்கூடத் தொடவில்லை. ஆனால் கார் முழுவதும் சேர்ந்தே ஏறத்தாழ 650 கிலோதான். அதைவிட முக்கியம், அது எங்கும் இருந்தது. கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன் இந்த எங்கும் நிறைந்த தன்மையைத்தான் கண்டுகொண்டார். அதே எஞ்சினைக் குழாய்ச் சட்டகத்தில் பொருத்தி, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை 1980-களின் இறுதியில் உருவாக்கினார். ‘ஃபார்முலா மாருதி’ என அது வழங்கிற்று. 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தம் தொடக்கப் பந்தயங்களை அதில்தான் ஓட்டினார். 1995-இல் விமான விபத்தில் கரிவரதன் மறைந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள தடம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அவரைப் பொறியியல் மேதையாகப் போற்றுவது வழக்கம். என் பார்வையில் அவருடைய பெரும்பங்கு பொருளியல் சார்ந்தது: பந்தயக் காரின் விலையைத் தெருவில் ஓடும் காரின் உதிரிபாக விலையோடு அவர் பிணைத்தார். இங்கிலாந்தில் ஆஸ்டின் செவன் செய்ததை இங்கே மாருதி செய்தது, நாற்பது ஆண்டுகள் கழித்து.

இதையொட்டியே களமும் மாறியது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலத்தில் அமைத்த, ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் 1990-இல் திறக்கப்பட்டது. இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். ஓடுதளத்தின் நீண்ட நேர்கோடு எஞ்சின் வல்லமைக்குப் பரிசளிக்கும். வளைவுகள் நிறைந்த தடமோ எடை குறைந்த காருக்கும் நல்ல பிரேக்குக்கும் பரிசளிக்கும். 1990-களில் வந்த மாருதி ஜென், எஸ்டீம், அதன்பின் வந்த முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி ஆகியவை இத்தடத்துக்கு இயல்பாகப் பொருந்தின. 106 குதிரைத்திறன் கொண்ட சிட்டி விடெக் 2003-உடன் விற்பனையிலிருந்து நின்றது; ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் பின்னரும் பந்தயக் களத்தில் அதன் செல்வாக்கு குன்றவில்லை. தாராளமயத்துக்குப் பின்னரே இந்தியாவில் முதன்முறையாகப் பழைய கார் உண்மையில் மலிவானது. எளியவரின் டிராக் டே என்பது சாத்தியமானதும் அப்போதுதான்.

இனி இன்றைய நிலை. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வாகனத் தொழில் பெருகியிருக்கிறது. கரகம்பாடியில் அமர ராஜா பேட்டரி ஆலை. ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இசுசு ஆலை. 1960-இல் கைமாறிய அதே சத்தியவேட்டுப் பகுதியில் ஹீரோ இருசக்கர வாகன ஆலையும் அப்பல்லோ டயர் ஆலையும். டயரும் பேட்டரியும் வண்டியும் இங்கே உருவாகின்றன. அவற்றைச் சட்டப்படி வேகமாக ஓட்டிப் பார்க்கப் பந்தயத் தடம் இல்லை. திருப்பதியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் அருகிலுள்ள தடம் இருங்காட்டுக்கோட்டைதான்; இரு ஊர்களிலிருந்தும் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

அந்த நூறு கிலோமீட்டர்தான் காரைத் தேர்ந்தெடுக்கிறது. பந்தயத்துக்கென மாற்றியமைத்த காரைச் சாலையில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றக்கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2019 சனவரித் தீர்ப்பும் அதைத் தடுக்கின்றன. வேறொரு வண்டியில் ஏற்றிச் செல்லலாம் என்றால், ஏற்றுகூலி சில முறைகளிலேயே காரின் விலையை எட்டிவிடும். ஆகவே திருப்பதி மாணவரின் கார், ஆலையிலிருந்து வந்த அமைப்பு மாறாமல், காலையில் தடத்துக்கு ஓடி, பகலெல்லாம் அங்கே வதைபட்டு, மாலையில் வீடு திரும்பக்கூடிய காராக இருந்தாக வேண்டும்.

காப்பீட்டுப் பத்திரமும் இங்கே நினைவுக்கு வருகிறது. தனியார் காருக்கான பத்திரத்தில் விலக்கப்பட்ட பயன்பாடுகளின் பட்டியல் ஒன்று உண்டு: பந்தயம், முன்னோட்டம், வேகச் சோதனை, ‘நம்பகச் சோதனை ஓட்டம்’. இந்தக் கடைசிச் சொல் ஒரு தொல்லெச்சம். கார் ஊர்போய்ச் சேருமா என்பதே ஐயமாயிருந்த காலத்தில், 1900-இல் பிரித்தானியாவில் நடந்த ஆயிரம் மைல் ஓட்டம் போன்ற நிகழ்ச்சிகளுக்கு வழங்கிய பெயர் அது. நிகழ்ச்சி வழக்கொழிந்தும் அதன் பெயர் நம் பத்திரங்களில் இன்றும் அச்சேறுகிறது. நடைமுறையில் இதன் பொருள் எளியது. தடத்தின் வாயிலுக்குள் நேரும் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்கும் என்று நம்ப வழியில்லை. எனவே இழந்தால் குடும்பம் தாங்கக்கூடிய விலையில்தான் கார் வாங்க வேண்டும். ‘மலிவான’ என்ற அடைமொழி சிக்கனத்திலிருந்து மட்டும் வரவில்லை. இந்த விலக்கிலிருந்தும் வருகிறது.

இத்தனை வடிகட்டல்களுக்குப் பின் எஞ்சுவது பெரும்பாலும் 2000-ஆம் ஆண்டை ஒட்டிய மாருதி 800, ஜென், எஸ்டீம், கைக்கெட்டினால் பழைய சிட்டி. வாங்குவோர்க்கு என் பரிந்துரை எஸ்டீம் அல்லது ஜென். சிட்டியின் எஞ்சின் ஆசை காட்டும். ஆனால் அதன் பாகத்துக்கு அலைவதைவிட, ஆட்டோ நகரில் கேட்டவுடன் கிடைக்கும் மாருதி பாகமே மேல். உள்நாட்டு வறட்சியில் ஓடிய கார், கடற்காற்றில் ஓடிய காரைவிடத் துருவுக்குத் தப்பியிருக்க வாய்ப்பு அதிகம். இது சித்தூர்ப் பகுதியினர்க்கு ஒரு சலுகை. எஞ்சினுக்குச் செலவிடுமுன் பிரேக் எண்ணெயை மாற்றுக. காற்றின் ஈரத்தை அது உறிஞ்சும்; டாட் 3 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஈரமேறியபின் 140 வரை இறங்கக்கூடும். தடத்தில் அடுத்தடுத்து அழுத்தும் பிரேக்கின் வெப்பத்தில் அது கொதித்து ஆவியானால் மிதிகட்டை தரையைத் தொடும், கார் நிற்காது. வீட்டுக்குத் திரும்பும் வழியும் அதே பிரேக்கை நம்பித்தான்.

இந்தச் சிறு வாய்ப்பும் இப்போது குறுகிவருகிறது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாயானது. மேலே சொன்ன கார்கள் அனைத்தும் அந்த வயதைக் கடந்தவை. திருத்தணியில் கிடைக்கும் காரை அரைமணிப் பயணத் தொலைவிலுள்ள நகரிக்குக் கொண்டுவந்து நிலையாக வைத்துக்கொள்ள, தடையின்மைச் சான்றும் மறுபதிவும் வரியும் வேறு. 1960-இன் எல்லைக்கோடு ஒரு பழைய எஸ்டீமின் விலையிலும் ஓடுகிறது. மாசைக் கட்டுப்படுத்தும் நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுக்குச் சில நாள் மட்டும் ஓடும் காரையும் நாள்தோறும் நகரில் புகை கக்கும் காரையும் ஒரே தராசில் வைக்கும் விதி நுட்பமானதன்று. பொதுச்சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவோர்க்கு 189-ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கான அபராதம், 2019 திருத்தத்துக்குப் பின், 5,000 ரூபாய் வரை, சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. சட்டப்படி தடத்துக்குப் போக விரும்பியவர் பழைய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022-இல் கட்ட வேண்டியிருந்ததும் அதே 5,000. பின்னதைக் கட்டாமல் நள்ளிரவில் புறவழிச்சாலைக்குப் போகும் இளைஞர்களைப் பற்றி இவ்விரு மாவட்டங்களிலும் பெற்றோர் நன்கறிவர்.

இவ்வரலாற்றின் ஆவணங்கள் எளிதில் கிடைப்பவை அல்ல. வென்றவர்களின் கோப்பைகளும் படங்களும் பேணப்பட்டுள்ளன. ஹெரால்டையும் டால்பினையும் ஓட்டிக் கடைசியில் வந்தவர்களின் தடயங்கள் பட்டறைக் கணக்கேடுகளிலும், உதிரிபாகக் கடை ரசீதுகளிலும், குடும்பப் படத்தொகுப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. சித்தூர், புத்தூர், நகரி, சத்தியவேடு, ஊத்துக்கோட்டைப் பகுதிகளில் 1960 முதல் 1990 வரை மெக்கானிக் பட்டறை நடத்திய குடும்பங்களை அறிந்தவர்கள் தனிச்செய்தியில் தெரிவித்தால் நேரில் வந்து பார்க்க அணியமாக இருக்கிறேன். தெலுங்கில் எழுதப்பட்ட கணக்கேடுகளாயினும் தயங்க வேண்டாம்.